ஷூ பெட்டிக்குள் ஒரு குளத்தங்கரை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி. கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பேன். அப்போதுதான் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். பின்னால் அரைத்தூக்கத்தில் ஒரு பிள்ளை. "அக்கா, நாளைக்கு விலங்குகள் வாழிடம் மாடல் கொண்டு போணுமாம். இவ இப்பத்தான் சொல்லுதா. ஒரு தெர்மோகோல், பச்சை வெல்வெட் பேப்பர், ஒரு பாக்கெட் மிருகம் தாங்க."

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே பதினாறு வருஷமாக ஸ்டேஷனரி கடை நடத்துகிறேன். அந்த மிருக பாக்கெட்டில் சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, பனிக்கரடி எல்லாம் உண்டு. எல்லாம் ஒரே உயரம். திங்கட்கிழமை காலையில் பார்த்தால், பனிக்கரடியும் வரிக்குதிரையும் ஒரே பச்சை வெல்வெட்டில் தோளோடு தோள் நின்று கேட்டுக்குள் போகும். விற்றது நான்தான், அதனால் வாயைத் திறப்பதில்லை.

போன மார்கழியில் அண்ணன் மகளுக்கே இந்த வேலை வந்தது. நாலாம் வகுப்பு. நேராகக் கடைக்கு வந்து அந்த பாக்கெட்டில் கை வைத்தாள். "இதுல எதை நீ பார்த்திருக்க மக்களே?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "டிவில எல்லாத்தையும் பார்த்திருக்கேன்" என்றாள். சரி, பாக்கெட்டை எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னேன். நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு ராத்திரியில் முடிகிற வேலை இல்லை. ஒரு காலைநேரமும், நாலைந்து சாயங்காலமும் வேண்டும். பிள்ளை நிஜமாகப் பார்த்த ஓர் இடமும் வேண்டும். கடையில் கிடைக்காதது அது ஒன்றுதான்.

பெயரை விடுங்கள், என்ன செய்கிறது என்று பாருங்கள்

நம் மாவட்டத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. மணக்குடி காயல் இருக்கிறது, பேச்சிப்பாறைப் பக்கம் காடு இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டால் வீட்டுப் பின்னால் வாழைத்தோட்டம் இருக்கிறது. எங்களுக்குக் கிட்டே சுசீந்திரம் குளம். நாகர்கோவிலில் கன்னியாகுமரி பஸ் ஏறினால் ரோட்டை ஒட்டியே வரும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தை 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் அது. பஸ்ஸில் போகிறவர்கள் பாதிப்பேர் போனைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்பது வேறு கதை.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் போய் நின்றோம். அவள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பறவைகளின் பெயரை எழுதச் சொல்லவில்லை. எனக்கே பாதிப் பெயர் தெரியாது. அதற்குப் பதில் பக்கத்தை ஆறாகக் கோடு போட்டு, தலைப்பு எழுதிக் கொடுத்தேன்: நடக்கிறது, நிற்கிறது, நீந்துகிறது, முங்குகிறது, பறக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பறவை எந்தக் கட்டத்தில் வருகிறதோ அங்கே ஒரு சின்னப் படமும் நிறமும் குறித்துக்கொள்ள வேண்டும். பெயரை அப்புறம் வீட்டில் பறவைப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

இந்த ஆறு கட்டம்தான் மாடலின் வரைபடமே. நடக்கிறது சேற்றோரம், நிற்கிறது முழங்கால் தண்ணீர், முங்குகிறது ஆழம். எதை எங்கே ஒட்டுவது என்று பிறகு யோசிக்கவே வேண்டியதில்லை.

"அத்தை, அது முங்கிட்டு. வரவே இல்ல!"

"பைய எண்ணு மக்களே."

பதினெட்டு எண்ணும்போது பத்தடி தள்ளித் தலையை நீட்டியது. முக்குளிப்பான். இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். அதே ஆழத்தில் ஒரு பாம்புத்தாரா. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. பார்த்தால் பாம்பு நீந்துவதுபோலவே இருக்கும். அதன் இறகில் தண்ணீர் ஊறும். அதனால் அதிகம் மிதக்காமல் அமிழ்ந்தபடி நீந்தி, கூர் அலகால் மீனைக் குத்திப் பிடிக்கும். அப்புறம் கட்டையில் ஏறிச் சிறகை விரித்துக் காயப்போடும். நாரைகள் அலகைத் தண்ணீருக்குள் லேசாகத் திறந்து வைத்துத் துழாவிக்கொண்டிருந்தன. மஞ்சள்மூக்கு நாரை கண்ணால் தேடுவதைவிட அலகில் மீன் தட்டுப்படுவதைத்தான் நம்பும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டுத்தான் மூடும், அதற்கு வேலை நத்தையோடு. தாமரை இலைமேல் இலைக்கோழி நடந்துபோனது. இலை அமிழவில்லை. விரல்கள் அவ்வளவு நீளம், பாரம் பரவிவிடுகிறது.

ஒரு சண்டையும் வந்தது. என் கடையில் விற்கும் பறவைகள் சார்ட்டில் இலைக்கோழிக்கு அழகான நீள வால். அவள் அதையே செய்ய வேண்டும் என்றாள். அந்த வால் இனப்பெருக்க காலத்து அலங்காரம், பெரும்பாலும் மழைமாதங்களில்தான் இருக்கும். மார்கழியில் நாங்கள் பார்த்ததற்கு அது இல்லை. குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து வரும் நீலச்சிறகி வாத்துகளோ நோட்டில் இருந்தன. வாத்தும் வேண்டும், நீள வாலும் வேண்டும் என்றால் அது எந்த மாதத்துக் குளமும் இல்லை. ஆகவே இடத்தோடு மாதத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் மாடலின் அட்டையில், "சுசீந்திரம் குளம், மார்கழி, காலை 7 மணி" என்று எழுதினோம்.

இன்னொன்று. பறவை மட்டும் வைத்தால் போதுமா, 'விலங்கு' என்றால் நாலு கால் வேண்டுமா என்று டீச்சரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கடைசி நேரத்தில் ஒரு எருமையைச் சேர்த்தோம். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன், அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது.

பத்தில் ஒன்று

எல்லாமே நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு. கணக்குப் போடச் சுலபம், நாலாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். கூழைக்கடா அலகு நுனி முதல் வால் நுனி வரை சுமார் 140 செ.மீ., மாடலில் 14. மஞ்சள்மூக்கு நாரை நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர், மாடலில் 10. நீலத்தாழைக்கோழி 45, அதனால் 4.5. முக்குளிப்பான் 25, ஆக இரண்டரை.

இந்தக் கணக்கைப் போட்டதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்போ குளம் எவ்வளவு பெருசு வரும்?" மொத்த ஈரநிலமும் சுமார் 94 ஹெக்டேர். நீளமும் அகலமும் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் இரண்டு ஏக்கருக்கு மேல் அட்டை வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு ஷூ பெட்டி. ஆக, நாம் செய்வது குளம் அல்ல, குளத்தின் ஓரத்தில் ஒரு துண்டு. ஒரு சின்ன அறை அளவு இடம். அது தெரிந்துவிட்டால் நெருக்கி நெருக்கி நாற்பது பறவையை ஒட்டத் தோன்றாது. எட்டு, பத்து போதும்.

தென்னைமரமும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். 15 மீட்டர் தென்னை பத்தில் ஒன்று என்றால் ஒன்றரை மீட்டர், பிள்ளையைவிட உயரம். குச்சியில் பச்சைப் பேப்பர் சுற்றி நாரைக்குச் சமமாகத் தென்னையை நட்டுவைக்கும் மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரத்தையும் மலையையும் பின்சுவரில் வரைந்துவிடுங்கள், தூரத்தில் இருப்பதால் சிறிதாகத் தெரிகிறது என்று ஆகிவிடும். நின்ற இடத்தில் இருந்து எந்தப் பக்கம் பார்த்தீர்களோ அந்தப் பக்கத்தைத்தான் வரைய வேண்டும். நாங்கள் மருத்துவாழ்மலையை வரைந்தோம். அவள் முதலில் மூன்று முக்கோணமும் நடுவில் சூரியனும் போட்டாள். போனில் எடுத்த படத்தைக் காட்டியதும் அழித்துவிட்டு, மலையின் முதுகு எப்படி வளைகிறதோ அப்படியே கோடு இழுத்தாள்.

பெட்டி வானம், மூடி குளம்

பெரியவர்களுடைய ஷூ வந்த பெட்டியாகப் பாருங்கள், மூடி தனியாகக் கழன்று வர வேண்டும். எங்களுடையது 33 செ.மீ. நீளம், 20 அகலம், 12 உயரம். மூடியின் விளிம்பு 3 செ.மீ. இந்த விளிம்புதான் முக்கியம்.

பெட்டியை நீளப்பக்கம் கீழே வருமாறு படுக்க வையுங்கள், வாய் உங்களைப் பார்க்கட்டும். பெட்டியின் அடிப்பாகம் இப்போது பின்சுவர், அதாவது வானம். மூடியை மல்லாக்கப் போட்டு, அதன் நீளப்பக்கம் பெட்டியின் வாயைத் தொடும்படி முன்னால் வைத்து ஒட்டுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தரை கரை, முன்னால் இருக்கும் மூடி குளம். மூடியின் விளிம்பு 3 செ.மீ. என்றால் பத்தில் ஒன்று கணக்கில் 30 செ.மீ. தண்ணீர். குளத்து ஓரத்துக்கு அது சரியான ஆழம்.

மூடியின் முன்விளிம்பில் ஓரத்தில் அரை செ.மீ. விட்டு நடுவை ஜன்னல்போல் வெட்டி எடுங்கள். இதைப் பெரியவர்கள் கட்டர் வைத்துச் செய்ய வேண்டும், பிள்ளை கையில் கட்டர் வேண்டாம். உள்பக்கமாக ஒளி ஊடுருவும் ஷீட் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடுவார்களே, அந்த ஷீட். எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள், ஒன்று ஜன்னலுக்கு, ஒன்று தண்ணீருக்கு. முக்கால்வாசி மாடல்களில் தண்ணீர் என்பது நீலத்தாள், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. குளத்தில் பாதி வாழ்க்கை கீழேதானே இருக்கிறது.

இனி தரை. தெர்மோகோல் வேண்டாம் என்பது என் கட்சி. என் வியாபாரத்துக்கு நானே மண்ணைப் போடுகிறேன், பரவாயில்லை. குளத்தங்கரையில் உடைந்த தெர்மோகோல் மிதப்பதைப் பார்த்துவிட்டு வந்து அதே தெர்மோகோலில் குளம் செய்வது எனக்கு ஒப்பவில்லை. போதாததற்கு, முன்பு ஒரு தடவை பெட்ரோல் வாசம் அடிக்கும் மஞ்சள் பசையைத் தெர்மோகோலில் தடவினேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகிக் குழி விழுந்தது. ஸ்ப்ரே பெயின்டும் அப்படித்தான் அரிக்கும். பழக்கடையில் போடும் அட்டைப்பெட்டி போதும். நாலு அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஏறக்குறைய 1.2 செ.மீ. கனம் வரும்.

மூடிக்குள் கரையை ஒட்டி அப்படி இரண்டு அடுக்கு, அதற்கு முன்னால் ஓர் அடுக்கு, ஜன்னல் பக்கம் வெறும் தரை. மேலே எஞ்சும் தண்ணீர் முறையே 6, 18, 30 செ.மீ. ஆழத்துக்குச் சமம். மடையானும் உள்ளானும் முதல் படியில் நிற்கும், நாரை இரண்டாவதில், முக்குளிப்பானும் பாம்புத்தாராவும் கடைசியில். நோட்டில் போட்ட கட்டங்களை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படியின் விளிம்பைக் கத்தரியால் வளைவு வளைவாக வெட்டினால் படிக்கட்டு போலத் தெரியாது. பசை ஈரத்தில் அட்டை வளைந்துகொள்ளும், ராத்திரி முழுக்க மேலே நாலு கனமான புத்தகம் ஏற்றி வையுங்கள்.

பெட்டிக்குள் கரைக்கு அட்டை அடுக்க வேண்டியதில்லை, செய்தித்தாளைக் கசக்கி அடைத்து மேலே ஓர் அட்டை மூடினால் போதும். தண்ணீரைவிடக் கொஞ்சம் உயரமாக, ஒரு 4 செ.மீ. இருக்கட்டும்.

பசைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. மைதா பசை காய்ச்சலாம் என்று அண்ணி சொன்னாள். போன வருஷம் அப்படிச் செய்த ஒரு பிள்ளையின் மாடலை ராத்திரியில் எலி தின்றுவிட்டது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதற்குத்தான் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் வேண்டாம்.

நீலம் பூசாதீர்கள்

நீல போஸ்டர் கலர் பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். குளத்துத் தண்ணீரைக் கிட்டே போய்ப் பார்த்த பிள்ளை நீலம் என்று சொல்லாது. தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பு, அதில் கொஞ்சம் பச்சை. ஆழம் கூடக் கூடக் கறுப்பு. வானத்துக்கும் அதே கதைதான், மார்கழி ஏழு மணிக்கு அடிவானம் வெள்ளை, மேலே போகப் போகத்தான் நீலம் வரும்.

கரைக்கு நிஜ மண். ஈரமான தொளியை அப்படியே அள்ளி அப்பினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் முதலில் அதைத்தான் செய்தோம். இரண்டு நாளில் விண்டு விண்டு பாளமாகப் பெயர்ந்து வந்தது. வாடை வேறு. காய்ந்த மண்ணை இரண்டு நாள் வெயிலில் போட்டு, சாயா வடிகட்டியில் சலித்து, பசை தடவிய இடத்தில் தூவித் தட்டிவிடுங்கள். ஈரமாகத் தெரிய வேண்டிய ஓரத்தில், காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு பசை. மினுக்கம் வரும்.

தாமரை இலைக்கு எங்கள் வீட்டில் கிடந்த பச்சைக் கல்யாண அழைப்பிதழ்கள் உதவின. மூன்று முதல் ஐந்து செ.மீ. வட்டம். முழு வட்டமாக இருந்தால் தாமரை, ஓர் இடத்தில் நடுவரை வெட்டு விழுந்திருந்தால் ஆம்பல். தாமரையில் சில இலைகள் தண்ணீருக்கு மேலே தண்டில் நிமிர்ந்து நிற்கும், அவற்றுக்கு ஈர்க்கில் தண்டு. ஆம்பல் இலை தண்ணீர்மேல் படுத்தே கிடக்கும். இதழுக்குப் பல்லாரி வெங்காயத் தோல். உள்தோலில் ஓர் இளஞ்சிவப்பு இருக்கிறதே, அது எந்தக் கலர் பேப்பரிலும் வராது. சம்பம்புல் கதிருக்கு ஊதுபத்தியை அடிவரை எரியவிடாமல் 2 செ.மீ. மிச்சம் வைத்து அணைத்து, பழுப்பு பூசிவிடுங்கள். அசல் சம்பங்கதிர்தான். பழைய பூந்துடைப்பம் புல்லாகும்.

தண்ணீருக்குக் கீழே முதலில்

ஷீட்டை மூடுவதற்கு முன் கீழே வேண்டியதை வைத்துவிட வேண்டும், மூடிய பிறகு கை போகாது. வரப்பில் பொறுக்கிய காலி நத்தை ஓடுகள், சின்னதாகப் பார்த்து. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் வெட்டிய கெண்டைகள். எங்கள் கெண்டைகள் முதலில் நாரையின் பாதி அளவு இருந்தன. "பத்தில் ஒண்ணு" என்று அவளே சொல்லி மறுபடி வெட்டினாள்.

பாம்புத்தாராவும் இந்தக் கட்டத்தில்தான். கட்டுக்கம்பியை எஸ் மாதிரி வளைத்து, ஒரு முனையில் செய்தித்தாளைச் சுற்றி உடம்பு செய்து கறுப்பு பூசுங்கள். ஷீட்டில் ஓட்டை போட்டு, அடியில் இருந்து கழுத்தை மட்டும் வெளியே எடுத்து ஒட்டிவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் பாம்பு. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் பறவை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் குனிந்தார்கள்.

ஷீட் ஏ4 அளவுதான், 29.7க்கு 21. மூடி 33 நீளம் என்பதால் இரண்டு பக்கமும் அட்டைப் பட்டை ஒட்டி அதன்மேல் ஷீட்டை உட்கார வைத்தோம், பட்டையைப் புல் மூடிவிட்டது. அகலத்தில் கூடுவதை வெட்டிவிடலாம். நடுவில் தொய்யும். ஷீட் உயரத்துக்கு வெட்டிய பென்சில் துண்டு ஒன்றை நடுவில் தூணாக நிறுத்தி, அதற்கு நேர் மேலே தாமரை இலை ஒட்டினால் யாருக்கும் தெரியாது. பறவைக் கால்களைச் சுற்றி விரலால் பசையை வட்டமாக இழுத்துவிடுங்கள். காய்ந்ததும் தெளிந்து அலை மாதிரி நிற்கும். மெல்லிசாக இழுக்க வேண்டும், கனமாகப் போட்டால் பால் மாதிரி வெளுத்தே இருக்கும். நம்மூர் ஈரக்காற்றில் காய ஒரு நாள் முழுக்க ஆகும், அவசரப்பட்டுத் தொட்டு ரேகை விழுந்த அலை ஒன்று எங்கள் குளத்தில் இருக்கிறது.

பறவைகள்

உப்பும் மைதாவும் பிசைந்த மாவில் பொம்மை செய்யலாம் என்பார்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், இங்கே மழை பெய்தால் நாரை கழுத்தைத் தொங்கப்போட்டுவிடும். கசக்கிய செய்தித்தாள், மேலே பேப்பர் டேப், அதன்மேல் பெயின்ட். அவ்வளவுதான்.

சின்னப் பறவைகளுக்கு அதுகூட வேண்டாம். காய்ந்த புன்னைக்காய் ஒன்று அப்படியே முக்குளிப்பான், அலகுக்குத் தீக்குச்சி நுனி. மடையானுக்கு ரப்பர் விதை. அந்தப் புள்ளியும் கோடும் மடையான் முதுகு மாதிரியே இருக்கும், பெயின்டே அடிக்கவில்லை. குலசேகரத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒரு கவர் நிறையக் கொடுத்துவிட்டார். ரப்பர் விதையைப் பச்சையாக வாயில் வைக்கக் கூடாது, நஞ்சு உண்டு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

நீலத்தாழைக்கோழிக்கு நீலமும் ஊதாவும் கலந்த உடம்பு, சிவப்பு அலகு, நெற்றியில் சிவப்புக் கேடயம். அதற்கு என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் இருந்து ஒன்று. வாலுக்கு அடியில் வெள்ளை விடுங்கள், நடக்கும்போது வாலை வெட்டி வெட்டி அதைக் காட்டும். இலைக்கோழியின் விரலுக்குத் தேங்காய்த் தும்பு, ஒரு காலுக்கு நாலு இழை. ஒவ்வொன்றும் நீளமாக இலைமேல் பரந்து கிடக்க வேண்டும். இதற்கு மட்டும் ஒரு சாயங்காலம் போனது. பொறுமை இல்லாத நாளில் தொடாதீர்கள். மஞ்சள்மூக்கு நாரைக்குக் கால் ஈர்க்கில். காலை ஷீட்டைத் துளைத்துக் கீழே இருக்கும் அட்டைவரை இறக்கினால்தான் நிற்கும், ஷீட்மேல் மட்டும் ஒட்டினால் பஸ்ஸில் முதல் வளைவிலேயே சாயும். மீசை ஆலா ஒன்றை வெள்ளைச் சார்ட்டில் வெட்டி, பெட்டியின் மேல்பக்கத்தில் இருந்து நூலில் தொங்கவிட்டோம்.

கூழைக்கடா 14 செ.மீ. செய்து வைத்ததும் மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. எடுத்துவிட்டோம். நோட்டில் இருந்ததை எல்லாம் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இப்போது எருமை. முழு எருமை செய்ய வேண்டாம். தண்ணீரில் கிடக்கும் எருமையில் நமக்குத் தெரிவது முதுகும் தலையும்தான். முதுகுக்கு ஒரு சிரட்டை. அதன் தும்பைச் சுரண்டித் தேங்காயெண்ணெய் தேய்த்தால் நனைந்த எருமைத்தோல் மாதிரி பளபளக்கும். பக்கத்தில் செய்தித்தாள் தலை, கொம்புக்கு இரண்டு புளியந்தோல் துண்டு. முதுகின்மேல் ஒரு உண்ணிக்கொக்கு.

எல்லாம் ஒட்டி முடித்து அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அத்தை, ஒரு கவர் போடட்டா? அங்க கிடந்துச்சே." பால் கவரில் நகக்கண் அளவு கிள்ளி, சம்பம்புல்லுக்கு இடையில் செருகினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிடந்தது உண்மைதான்.

பெயர் அட்டையில் பெயரோடு நிறுத்தாமல் என்ன செய்யும், என்ன தின்னும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "நத்தைகுத்தி நாரை: நிற்கும். நத்தை தின்னும்." நோட்டுக் கட்டம் இங்கே மறுபடி உதவும்.

கொண்டுபோக, மாடலைவிடப் பெரிய பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று வேண்டும். அதன் ஒரு பக்கத்தைக் கதவுபோல் வெட்டி, மாடலைச் சறுக்கி உள்ளே தள்ளி, அடியில் டேப் ஒட்டுங்கள். மேலிருந்து இறக்கினால் சம்பம்புல் மாட்டும். ஆலாவின் நூலை ஒரு துண்டு டேப்பால் சுவரோடு ஒட்டி வையுங்கள். பையில் கொஞ்சம் பசையும் நாலு ஈர்க்கிலும் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு நாரைக் கால் ஒடிந்தது. செலவு என்று பார்த்தால் ஷீட், பசை, கலர் சேர்த்து நூறு ரூபாய் தாண்டவில்லை.

மாடல் இப்போது என் கடை அலமாரிக்கு மேலே இருக்கிறது. ஆவணியில் தூசி தட்ட ஏறியபோது, கரைக்குக் கீழே செய்தித்தாள் அடைத்த இடத்தில் இருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. அவளிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு ஏறி, அட்டையில் கடைசியாக எழுதினாள்: "பல்லி: உட்கார்ந்திருக்கும். கொசு தின்னும்."